மண் ரோடு ஆகாது என்றால் அந்தப் படத்தை ஏன் போட்டீர்கள்?

வண்டி வாடகைக்கு விடுகிற கம்பெனிக்காரர்கள், முன்பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு "உங்கள் பயணம் பற்றிய சில விவரங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள் பாருங்கள், அதைத் திறக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்தத் தடவை அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. தார் போடாத ரோட்டில் ஆர்.வி.யை (படுக்கை, சமையல், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி) ஓட்டக்கூடாது, ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது, வண்டிக்கு என்ன ஆனாலும், கட்டி இழுத்து வரும் செலவு உட்பட, அத்தனையும் என் தலையில்.

நான் போக இருப்பது சாக்கோ கேன்யன். அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பழங்காலக் கல் கட்டடங்கள் நிற்கிற தேசியப் பூங்கா. போனவர்களுக்குத் தெரியும், அங்கே தார் ரோட்டிலேயே போய்ச் சேர வழி கிடையாது. 550 நெடுஞ்சாலையில் நகீசி என்ற ஊர்ப் பக்கம் திரும்பினால் 21 மைல். முதல் 8 மைல்தான் தார். மீதி 13 மைலும் மண், அதிலும் நாலரை மைல் படு மோசம் என்று பூங்காக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் பாதை இதைவிட மோசம், ஆர்.வி.யைக் கொண்டுவராதீர்கள் என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் ரகசியமா? புக் செய்யும்போதே "எங்கே போகிறீர்கள்" என்று ஒரு கட்டம் இருந்தது. பூங்காவின் முழுப் பெயரையும் அதில் எழுதினேன். கார்டு நம்பரை வாங்கும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்டுக் காது புளித்த பிறகு ஒரு பெண் வந்தார். மண் ரோடா என்றார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் போகக்கூடாது என்றார். அந்தப் பூங்காவுக்குத் தார் ரோடே இல்லையே அம்மா என்றேன். "வேறு ரோடு இருக்கும், நன்றாகப் பாருங்கள்." இல்லை. "ஜிபிஎஸ்ஸில் போட்டுப் பார்த்தீர்களா?" ஐயோ, ஜிபிஎஸ்ஸை நம்பி வராதீர்கள், அது காட்டும் பாதை காருக்கே ஆபத்து என்று பூங்காவே தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறது. அதைச் சொன்னேன். மறுபடி பாட்டு. அடுத்து மேலாளர் ஒருவர் வந்தார். முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். மண் ரோடா என்றார்.

பிறகு பெரிய சலுகை தருகிற தோரணையில், முகாமுக்குள் நுழையும் கடைசி ஒரு மைல் மண்ணாக இருந்தால் பரவாயில்லை, அதற்கு விதியில் இடம் இருக்கிறது என்றார். எனக்கு வேண்டியது 13 மைல். சரி, இன்சூரன்ஸ் காரணம் என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன், அப்படியானால் உங்கள் முகப்புப் பக்கத்தில் செம்மண் பாலைவனத்தின் நட்டநடுவில் நிற்கிறதே ஒரு வண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் தார் இல்லை, பின்னால் மண்ணில் டயர் தடம்கூடத் தெரிகிறது, அந்த வண்டி எப்படி அங்கே போனது என்று கேட்டேன். "அது விளம்பரப் படம் சார்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "கிராண்ட் கேன்யனுக்குப் போங்களேன், ரோடு நன்றாக இருக்கும். அதுவும் கேன்யன்தானே?"

அதுவும் கேன்யன்தானே! இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கிராண்ட் கேன்யனைக் குறை சொல்லவில்லை, அது பிரமாதமான இடம். ஆனால் சாக்கோவுக்கு யாராவது வெறும் பள்ளத்தாக்கைப் பார்க்கவா போகிறார்கள்? கி.பி. 850 தொடங்கி முந்நூறு வருடம் அங்கே கல்லால் மாளிகை மாளிகையாகக் கட்டியிருக்கிறார்கள். பியூப்ளோ போனிட்டோ என்ற ஒரே கட்டடத்தில் மட்டும் 600 அறைகளுக்கு மேல், சில இடங்களில் நாலு மாடி உயரம். உத்தரத்துக்கு வேண்டிய மரம் பக்கத்தில் கிடைக்காமல் சுஸ்கா, ஸூனி மலைகளிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தூக்கியே கொண்டுவந்திருக்கிறார்கள், மொத்தம் இரண்டு லட்சம் மரங்களுக்குக் குறையாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். சக்கரம் கிடையாது, இழுக்க மாடோ குதிரையோ கிடையாது. 30 அடி அகலத்துக்கு நேர்கோட்டில் ரோடு வேறு போட்டிருக்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்னால்! ஆறு சக்கரமும் வி8 எஞ்சினும் வைத்துக்கொண்டு 13 மைல் போக முடியாது என்று என்னிடம் சொல்கிறீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்தப் பயணமே. அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்தவர். சாக்கோ சுவரின் படத்தைப் போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பெரிய கல் வரிசைக்கு நடுவே நுணுக்கமாகச் சில்லுக்கல் அடுக்கியிருப்பதை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுண்ணாம்பே கிடையாதுடா, வெறும் மண்ணக் கொழச்சு வெச்சுக் கட்டியிருக்கான், எப்படி நிக்குது பாரு" என்றார். அவர் முட்டிக்குக் கூடாரத்தில் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது. அம்மாவுக்கு ராத்திரியில் பக்கத்திலேயே பாத்ரூம் வேண்டும். அதனால்தான் ஆர்.வி., இல்லாவிட்டால் யார் இந்தக் காசைக் கொடுப்பது? வாடகை தனி, மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடுகிற மணிக்குத் தனி, சட்டி பானைக்கும் படுக்கை விரிப்புக்கும் தனி.

ஹோட்டலில் தங்கிக்கொண்டு காரில் போய் வாருங்கள் என்று சொல்ல வராதீர்கள். பக்கத்து ஊர்களான ஃபார்மிங்டனோ கியூபாவோ (நாடு இல்லை, அதே பெயரில் அங்கே ஓர் ஊர்), எங்கே தங்கினாலும் ஒருவழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி வானத்தைக் காட்டாமல் திரும்பி வந்தால் பாதிப் பயணம் போச்சு. 2013-லேயே சர்வதேச இருள் வானப் பூங்கா என்று அங்கீகாரம் வாங்கிய இடம் அது. பூங்காவுக்குள் இருக்கிற காலோ முகாமில் மொத்தமே முப்பது சொச்சம் இடங்கள், 35 அடிக்கு மேல் வண்டி நுழையாது, மின் இணைப்பு கிடையாது, குளிக்க வசதி கிடையாது. எல்லாம் தெரிந்து, அளவாக வண்டி பார்த்து, அடித்துப் பிடித்து இடம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ரோட்டின் மேல் கோபம் இல்லை. அந்தப் பக்கம் குடியிருக்கிற நவஹோ பழங்குடி மக்களுக்கு நல்ல ரோடு வேண்டும், மழை பெய்தால் களிமண் வழுக்கி வண்டி புதைகிற ரோட்டில் அவர்கள் தினமும் போய் வருகிறார்கள், அது வேறு பேச்சு. என்னைப் போல வந்து போகிறவன் அதற்காக முனகக்கூடாது. இவ்வளவு சிரமம் இருப்பதால்தான் அந்த இடம் கூட்டத்தில் மாட்டாமல் தப்பித்திருக்கிறது. என் கோபமெல்லாம் பாலைவனத்தைக் காட்டி வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு, பாலைவனத்துக்குள் இறங்காதே என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்கிறார்களே, அந்த அயோக்கியத்தனத்தின் மேல்தான். போகும் இடம் கேட்டீர்களே, அதற்குக் கீழேயே "மண் ரோட்டுக்கு அனுமதி இல்லை" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? நான் அன்றைக்கே மண் ரோட்டுக்கு விடுகிற வேறு ஆளைத் தேடியிருப்பேன். இப்போது ரத்து செய்தால் முன்பணம் கிடையாதாம். முகாமில் பிடித்த இடம் அப்படியே நிற்கிறது, வண்டி இல்லை.

உள்ளே பெட்ரோல் கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது என்பதால் அம்மா புளிக்காய்ச்சலைக் கிளறி பாட்டிலில் போட்டாயிற்று. அப்புறம் சமையலுக்கு வாங்கிய இந்தக் கறிவேப்பிலை, அதிலும் இதே கதைதான். இந்தியக் கடையில் அந்தச் சின்னப் பாக்கெட்டுக்கு என்ன விலை வைக்கிறார்கள், பார்த்தீர்களா? ஏர்போர்ட்டில் அம்மா பையிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டார்கள், ஆரஞ்சு எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பூச்சி பரவும் என்கிறார்கள், அது நியாயம், பேசாமல் வந்துவிட்டோம். ஆனால் கடைக்காரர் விற்பதில் பாதி வெறும் காம்பு, அடியில் இருப்பதெல்லாம் கறுத்து நசநசவென்று கிடக்கிறது. கேட்டால், மேலே நல்லதாகத்தானே இருக்கிறது என்கிறார்.