128 வோல்ட் மாணிக்கம்

ரங்கூனில் காளி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் மாணிக்கம் அண்ணனின் டீக்கடை. காலை எட்டரை மணி. கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று கேட்பவரும் இல்லை. பால் அடுப்பு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்தும் பழனி, தோளில் கருவிப் பையோடு உள்ளே வந்தான். நான் மூலையில் உட்கார்ந்து குடித்தது மூன்று டீ. கேட்டது இது.

மாணிக்கம்: வா தம்பி. உட்கார். உன் பையில் இருக்கும் டிரில் எத்தனை வோல்ட்?

பழனி: 18, அண்ணே.

மாணிக்கம்: (மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து) என்னுடையது 128.

பழனி: எத்தனை?

மாணிக்கம்: கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், படி. இரண்டு பேட்டரி, சார்ஜர், துளை போடும் பிட்டு நாற்பது. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் சாட். நீ எவ்வளவு கொடுத்தாய்?

பழனி: பேட்டரி ஒன்றுக்கே அதைவிட அதிகம்.

மாணிக்கம்: (பரிதாபப்பட்டு) வெறும் பதினெட்டுக்கா! சரி விடு, சின்ன வயசு. ஏமாந்தால்தான் தெளிவு வரும்.

பழனி: அண்ணே, 128க்குப் பக்கத்தில் வி போட்டு, அதோடு ஓர் எஃப்பும் ஒட்டியிருக்கிறதே. அது என்ன?

மாணிக்கம்: கடைப் பையனிடம் கேட்டேனே. 'ஃபுல்' என்றான்.

பழனி: வோல்ட்டுக்கு வி மட்டும்தான். எஃப் ஒட்டிவிட்டால் அது அளவே இல்லை, பெயர். நாளைக்கு யாராவது சட்டையைப் பிடித்தால், 'அது மாடல் நம்பர் ஐயா' என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாணிக்கம்: பொறாமையில் பேசாதே.

பழனி: சரி, நான் பேசவில்லை. உங்கள் தராசு பேசட்டும். சீனி நிறுக்கும் தராசை இப்படித் தள்ளுங்கள்.

மாணிக்கம்: பேட்டரியை நிறுத்தா வாங்குவார்கள்? அது என்ன நெத்திலிக் கருவாடா?

பழனி: கருவாட்டில்கூட ஏமாற்று குறைவு. வையுங்கள்.

(தராசு முள் வீசைக் கணக்கில் ஓடுவது. பர்மாக்காரர் 'பெய்த்தா' என்பார்கள், வெள்ளைக்காரன் 'விஸ்' என்று எழுதிவைத்தான். சொல் என்னவோ நம் வீட்டு வீசைதான். ஒரு வீசைக்கு நூறு டிக்கல்.)

மாணிக்கம்: என்னுடையது 24 டிக்கல்.

பழனி: இப்போது என்னுடையது.

மாணிக்கம்: முப்பத்து... ஒன்பது. உன்னுடையது கனம். என்னுடையது லேசு. புது டெக்னிக்காக இருக்கும்.

பழனி: அண்ணே, பேட்டரிப் பெட்டிக்குள் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டை விரல் மாதிரி உருளை உருளையாகக் கட்டைகள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 18650 என்று பெயரே அதை வைத்துத்தான். ஒரு கட்டை 3 டிக்கலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். என் பெட்டியில் பத்து கட்டை. உங்கள் எடையைப் பார்த்தால் ஐந்துதான் இருக்க வேண்டும், மீதி பிளாஸ்டிக்கும் காற்றும்.

மாணிக்கம்: ஐந்தானால் என்ன? வீரியமான ஐந்தாக இருக்கலாமே.

பழனி: ஒரு கட்டை 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால்?

மாணிக்கம்: (விரல் விட்டு) பதினெட்டு.

பழனி: அவ்வளவுதான். உங்களுடையதும் 18. என்னுடையது ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பக்கத்தில் பக்கத்தில். அதனால் என்னுடையதும் 18.

மாணிக்கம்: இரு இரு. கடையில் 20 என்று ஒன்று வைத்திருந்தான், 21 என்று ஒன்று வைத்திருந்தான். அவர்கள் எல்லாம் பொய்யர்களா?

பழனி: அவர்கள் பொய்யர் இல்லை. உங்களை மாதிரி.

மாணிக்கம்: என்னை மாதிரி என்றால்?

பழனி: நீங்கள் டீயை உயர்த்தி ஆற்றி, நுரை தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். கிளாஸ் நிறைய இருக்கிறது. நுரை அடங்கினால் முக்கால் கிளாஸ். சார்ஜரிலிருந்து எடுத்த நிமிஷம் ஒரு கட்டையில் 4.2 வோல்ட் நிற்கும். ஐந்துக்கு 21. வேலையைத் தொட்டதும் இறங்கி 18 பக்கம் உட்கார்ந்துவிடும். நுரையோடு அளந்தவன் 20 என்று போடுகிறான், நுரை அடங்கி அளந்தவன் 18 என்று போடுகிறான். டீ ஒன்றுதான்.

மாணிக்கம்: அப்போது 128?

பழனி: அது பக்கத்து மேஜை டீயையும் சேர்த்து அளந்தது.

(இந்த இடத்தில் எனக்கு இரண்டாவது டீ வந்தது. நுரையை ஊதிப் பார்த்தேன். பழனி சொன்னது சரிதான்.)

மாணிக்கம்: வோல்ட் போகட்டும். பின்பக்கம் பார். பத்தாயிரம் என்று போட்டிருக்கிறான்.

பழனி: மில்லி ஆம்பியர் அவர். அதாவது 10 ஆம்பியர் அவர். வோல்ட் என்றால் நீங்கள் எவ்வளவு உயரத்திலிருந்து டீயை ஊற்றுகிறீர்கள் என்பது. ஆம்பியர் அவர் என்றால் குண்டானில் எவ்வளவு டீ இருக்கிறது என்பது. இந்த அளவுக் கட்டையில் நல்ல கம்பெனிக்காரன் திணித்துத் திணித்துப் பார்த்தும் மூன்றரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரே வரிசையாக ஐந்து கட்டை வைத்துவிட்டு 10 என்றால், கால் படி குண்டானில் ஒரு மரக்கால் பால் காய்ச்சுகிற கதை.

மாணிக்கம்: அநியாயம்! சிங்கப்பூரிலிருந்து மச்சான் வருகிறான். பேசாமல் அவனிடமே ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா?

பழனி: சொல்லுங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர். பெருக்கினால் 90 வாட் அவர். விமானத்தில் 100 வரை கேள்வி இல்லை. ஆனால் தனி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. இப்போது உங்களுடையதைப் பெருக்குங்கள். 128 தடவை 10.

மாணிக்கம்: ஆயிரத்து இருநூற்று எண்பது.

பழனி: 160க்கு மேல் போனாலே ஏற்ற மாட்டார்கள். பெட்டியில் எழுதியிருப்பது உண்மையானால், நீங்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

மாணிக்கம்: (கொஞ்சம் பெருமையோடு) அவ்வளவு பயங்கரமான சாமானா?

பழனி: (தலையில் கை வைத்து) ஒரு டீ சொல்லுங்கள் அண்ணே. போசா, அதுதான் சீனி கம்மி.

மாணிக்கம்: தருகிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை. கடைப் பையன் 'பிரஷ் இல்லாதது வேண்டுமா, பிரஷ் உள்ளது வேண்டுமா' என்றான். பிரஷ் இல்லாததற்கு விலை அதிகமாம்! யாரிடம் விளையாடுகிறாய் என்று கேட்டுவிட்டேன். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு பிரஷ் இல்லாமல் வாங்க நான் என்ன மடையனா?

பழனி: ...

மாணிக்கம்: வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிரஷ்ஷையும் காணவில்லை. திருட்டுப் பயல்.

பழனி: அண்ணே, அது மோட்டாருக்குள் இருக்கிற கார்பன் துண்டு. சுற்றும்போது உரசி உரசிக் கரண்ட் கொடுக்கும், தேயும். ஓடும்போது பின்பக்க ஓட்டையில் நீலப் பொறி தெரிந்ததா?

மாணிக்கம்: தெரிந்தது. அலங்கார லைட் என்று நினைத்தேன்.

பழனி: பிரஷ் இல்லாத மோட்டாரில் அந்த உரசல் கிடையாது, உள்ளே ஒரு எலக்ட்ரானிக் பலகை பார்த்துக்கொள்ளும். அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். அதுதான் விலை. உங்களுக்குப் பிரஷ் உள்ளதே போதும், தப்பில்லை. எத்தனை ஓட்டை போடப் போகிறீர்கள்?

மாணிக்கம்: ஒன்று.

பழனி: ஒன்றா?

மாணிக்கம்: பீலிக்கான் கோயில் முனீஸ்வரர் படம் மாட்ட வேண்டும். அதோ அந்தச் சுவரில். மூன்று நாளாக முயற்சி.

(சுவரைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சுவர், கைமுழம் அகலம். நடுவில் ஒரு பொட்டு. பொட்டைச் சுற்றிக் கருகல்.)

மாணிக்கம்: 1971இல் அப்போலோ 15இல் போனவர்கள் நிலாவிலேயே பேட்டரி டிரில்லால் ஓட்டை போட்டார்களாம், என் மகன் சொன்னான். அது நடக்கிறது, என் டீக்கடைச் சுவரில் நடக்கவில்லை.

பழனி: அங்கேயும் பாதியில் சிக்கிக்கொண்டு இழுக்க முடியாமல் தவித்தார்கள். எங்கே, நீங்கள் எப்படிப் போட்டீர்கள் என்று காட்டுங்கள்.

(மாணிக்கம் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி, சுவரில் வைத்து விசையை அழுத்தினார். கீச்சென்ற சத்தம். புகை வாசனை.)

பழனி: நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! காளி கோயிலை எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள்?

மாணிக்கம்: இது என்ன கேள்வி, வலமாகத்தான்.

பழனி: உங்கள் பிட்டு இடமாகச் சுற்றுகிறது.

மாணிக்கம்: ஐயையோ.

பழனி: விசைக்கு மேலே இந்தக் குமிழ் இருக்கிறதே, இது திசை மாற்ற. மூன்று நாளாகத் திருகாணியைக் கழற்றுகிற பக்கம் ஓட்டியிருக்கிறீர்கள். அதுவும் மரத்துக்கான பிட்டை வைத்து. நுனி நீலமாகிவிட்டது, பாருங்கள். செங்கல்லுக்கு நுனியில் தனிக் கெட்டி உலோகம் வைத்த பிட்டு வேண்டும், மெஷினில் சுத்தியல் அடி அடிக்கிற வசதியும் இருந்தால் நல்லது. சரி, உங்கள் இன்னொரு பேட்டரி எங்கே?

மாணிக்கம்: பத்திரமாக வைத்திருக்கிறேன். பால் அடுப்புக்கு மேல் தட்டில்.

பழனி: (பாய்ந்து) அடுப்புக்கு மேலேயா!

மாணிக்கம்: வெதுவெதுப்பாக இருந்தால் கெடாது இல்லையா?

பழனி: பால்தான் அப்படி. இது லித்தியம். சூடுதான் இதற்கு முதல் எமன். கோடையில் சாத்திவைத்த கார், தகரக் கூரைக்குக் கீழ்த் தட்டு, அடுப்படி எல்லாம் ஆகாது. வேலை முடிந்து கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது சார்ஜும் போடக் கூடாது. நல்ல சார்ஜர் தானே விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். உங்களுடையதற்கு அந்தப் பொறுமை இருக்குமா என்று தெரியாது, நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். மாதக் கணக்கில் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். இது கொஞ்சம் உப்பியிருக்கிறதே, இனி இதைத் தொடாதீர்கள்.

மாணிக்கம்: நான் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் சொட்டு இல்லாமல் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறேன். மச்சான் சொன்னது.

பழனி: மச்சான் சொன்னது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு. லித்தியத்தை அடியோடு வற்றவைத்தால் செத்துவிடும். மெஷின் வேகம் லேசாகத் தளர்கிறது என்று தெரிந்ததும் எடுத்து மாட்டிவிட வேண்டும். ஆமாம், சுவரில்தான் ஓட்டை விழவில்லையே, சொட்டு இல்லாமல் எப்படித் தீர்த்தீர்கள்?

மாணிக்கம்: (குரலைத் தாழ்த்தி) முட்டை அடிக்கிற கம்பியை மாட்டிப் பால் அடித்தேன்.

பழனி: எந்தப் பால்?

மாணிக்கம்: இப்போது நீ குடிக்கிற பால்.

(நான் மூன்றாவது டீயைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்துக் குடித்தேன். நுரை உண்மையிலேயே நன்றாக இருந்தது.)

பழனி: எழுந்திருங்கள். ஒரு பீங்கான் தட்டை எடுத்துச் சுவருக்குக் கீழே ஏந்திப் பிடியுங்கள், தூசு பாலில் விழாமல்.

(பழனி தன் டிரில்லை எடுத்துப் பிட்டு மாற்றினான். முதலில் மெதுவாக, ஒரு பள்ளம் விழும்வரை. அப்புறம் விசையை முழுக்க அழுத்தினான். டிர்ர்ர் என்று செங்கல் பொடி குங்குமம் மாதிரி தட்டில் கொட்டியது. எண்ணிப் பார்த்தால் பத்து விநாடி. பிளாஸ்டிக் ஆணிக்குழல், திருகாணி, முனீஸ்வரர். கொஞ்சம் சாய்ந்துதான் நின்றார், மீசையை முறுக்கிக்கொண்டு.)

மாணிக்கம்: பத்து விநாடியா! தம்பி, இனி நான் வாங்கினால் எப்படி வாங்க வேண்டும்?

பழனி: மெஷினைப் பார்க்காதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பெரும்பாலும் ஏறாது. மெஷின் மாப்பிள்ளை, பேட்டரி அவன் குடும்பம். மாப்பிள்ளை அழகாக இருக்கிறான் என்று கட்டிவைத்துவிட்டு அப்புறம் காலமெல்லாம் குடும்பத்தோடு மாரடிக்கக் கூடாது. மக்கீட்டா கம்பெனியின் 18 வோல்ட் லித்தியம் குடும்பம் 2005இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓடுகிறது. அப்படி நிலைத்த குடும்பமாகப் பாருங்கள். இன்னொன்று, அதே முகத்தோடு போலிகள் ஏராளம். தராசைக் கையோடு கொண்டுபோங்கள்.

மாணிக்கம்: ஓட்டை ஒன்று போட்டாயிற்றே. இனி எனக்கு எதற்கு?

பழனி: அதுவும் சரிதான். என் பேட்டரி இரண்டு கோடு இறங்கிவிட்டது. மத்தியானம் மூன்று ஜன்னல் இருக்கிறது. என் சார்ஜர் வேகமானது, 3 ஆம்பியர் அவர் பேட்டரியை 22 நிமிஷத்தில் ஏற்றிவிடும், இது கொஞ்சம் கூட எடுக்கும். கரண்ட் வந்தால்...

(தெருவில் எங்கோ ஒரு சிறுவன் 'மீ லாபி!', கரண்ட் வந்துவிட்டது என்று பர்மியில் கத்தினான். அடுத்த நொடி தெருவே கத்தியது. மின்விசிறி முனகிக்கொண்டு புறப்பட்டது. பழனி சார்ஜரோடு ஓடினான். கடையில் இருப்பது ஒரே பிளக். அதன் முன்னால் மாணிக்கம் அண்ணன் கை கட்டி நின்றார்.)

பழனி: நகருங்கள் அண்ணே, அவசரம்!

மாணிக்கம்: தாராளமாக மாட்டிக்கொள். ஆனால் சார்ஜ் கூலி எடைக்குத்தான். உன்னுடையது 39 டிக்கல்.