குரோன்கைட்டுக்கு முன்பே மக்கள் மாறத் தொடங்கிவிட்டார்கள்

"வால்டர் குரோன்கைட் ஒரே இரவில் அமெரிக்க மக்களை வியட்நாம் போருக்கு எதிராகத் திருப்பிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கால வரிசையே இடிக்கிறது. போர் இழுபறியில்தான் முடியும் என்று செய்தியாளரான அவர் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சொன்னது 1968 பிப்ரவரி 27 அன்று. ஆனால் 1967 அக்டோபரிலேயே, காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்றவர்கள் 47 சதவீதம், தவறில்லை என்றவர்கள் 44 சதவீதம். வீடு திரும்பிய சவப்பெட்டிகளை மறந்துவிட்டு ஒரு செய்தியாளரிடம் எல்லாவற்றையும் ஏற்றிவைப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். சொல்லப்போனால், 1968 ஜனவரி இறுதியில் வடவியட்நாமியரும் வியட்காங் கொரில்லாக்களும் தொடங்கிய டெட் தாக்குதலுக்கு முன்புவரை தொலைக்காட்சிச் செய்திகள் பெரும்பாலும் அரசின் பார்வையை ஒட்டியே இருந்தன. அப்புறம், அதிபர் ஜான்சன் குரோன்கைட்டின் அந்த நிகழ்ச்சியை நேரலையில் பார்த்து மனமுடைந்தார் என்பதும் சரியில்லை. அந்த நேரம் அவர் டெக்சாஸில் ஆளுநர் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார்.