செனட் சபை இருந்தபோது என்ன கிழித்தது?

'இலங்கையில் மேல்சபை (இரண்டாவது அவை) இருந்தால் அவசரகாலச் சட்டத்துக்குக் கடிவாளம் விழும்' என்கிறது ஒரு கட்டுரை. 1947 முதல் 1971 வரை செனட் சபை என்ற மேல்சபை இருந்ததே! 30 பேரில் 15 பேர் மகாதேசாதிபதியின் (பிரித்தானிய முடியின் பிரதிநிதி) நியமனம், மீதி கீழ்ச்சபையின் தெரிவு. மலையகத்தாரின் (இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்) குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதைத் தாண்டித்தான் வந்தது.

இந்தியாவிலும் மேல்சபையான மாநிலங்களவை மட்டும் நிராகரித்தால் அவசரச் சட்டம் (நாடாளுமன்றம் கூடாதபோது அரசு பிறப்பிப்பது) சாகாது, இரு அவையும் நிராகரிக்க வேண்டும். ஆனால் நாடாளுமன்றம் கூடி 6 வாரத்தில் அது காலாவதி. நீடிக்க மசோதா வேண்டும், அங்கேதான் மாநிலங்களவையின் பிடி (பண மசோதா என்றால் அதுவும் இல்லை).

இங்கே, இலங்கையில், ஓட்டை வேறு. 14 நாளுக்குள் பாராளுமன்ற அங்கீகாரம் தேவைப்படுவது அவசரகாலப் பிரகடனத்துக்கு. 2022 ஜூலை 27இல் 120க்கு 63 என்று வாக்களித்தது அதற்குத்தான். அதன் கீழ் வரும் ஒழுங்குவிதிகள் உடனே அமல். அவற்றைப் பாராளுமன்றம் தனித் தீர்மானத்தால் நீக்கலாம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர ஆள் வேண்டுமே! வர்த்தமானியை வாசித்து முடிக்குமுன் ஊரடங்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்துவிடும்.