பாட்டு கோப்புக்குள்ளேயே இருக்கும்

'பவர்பாயின்ட்டில் பாட்டு சேர்த்தால் எம்பி3 கோப்பையும் கூடவே பென்டிரைவில் கொண்டு போகணும், இல்லாவிட்டால் ஓடாது' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். 2007 பதிப்பு வரை அது சரி. 2010 முதல், நாமாக 'லிங்க்' என்று தேர்ந்தெடுத்தால் தவிர, பாட்டு உள்ளேயே பதிந்துவிடும். கொழிஞ்சாம்பாறையில் தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு ஒரே ஒரு பிபிடிஎக்ஸ் (பவர்பாயின்ட்) கோப்பைத்தான் எடுத்துப் போனேன். மண்டபத்து லேப்டாப்பில் நாதஸ்வரம் கணீரென்று வந்தது. பாட்டு முதல் ஸ்லைடோடு நின்றால் 'பிளே இன் பேக்ரவுண்ட்' அழுத்துங்கள்.

ஸ்லைடுகளுக்கு நாமே பேசிப் பதியும் குரல்தான் வேறு கதை. அது ஸ்லைடு ஸ்லைடாகப் பதிவாகும். ஸ்லைடு மாறும் நொடியில் பேசினால் அந்தச் சொல் போச்சு. என் பதிவில் 'சித்தூர் சித்தப்பா' வெறும் 'சித்தப்பா' ஆகி, மூன்று சித்தப்பாக்களும் எழுந்து கும்பிட்டார்கள்.