பழியை யார் தலையில் கட்டுவது?

“சமாதானம், சமாதானம் என்று கத்தியவர்களால்தான் ஹிட்லர் வளர்ந்தான்.” ஆயுதக் குறைப்பைப் பற்றி யார் வாய் திறந்தாலும் இந்த வசனம் வந்து விழுகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1932 பிப்ரவரி 2, ஜெனீவா. உலக ஆயுதக் குறைப்பு மாநாட்டின் தொடக்கமே ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஷாங்காயில் ஜப்பான் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்ததால், சர்வதேச சங்கத்தின் (League of Nations, ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகள் அமைப்பு) கவுன்சில் முதலில் அதைப் பேச வேண்டியிருந்தது. சகுனம் பார்க்கிறவர்கள் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் பெண்கள் அமைப்புகள் அசரவில்லை. ஆயுதங்களைக் குறைக்கச் சொல்லிப் பல நாடுகளில் திரட்டிய சுமார் 80 லட்சம் கையெழுத்துகளோடு அதே வாரம் மாநாட்டுக்கு வந்து நின்றார்கள்.

உள்ளே நடந்த பேரத்தைப் பாருங்கள். 1933 மார்ச்சில் பிரிட்டன் ஒரு வரைவு வைத்தது. வானிலிருந்து குண்டு போடுவதற்குத் தடை. கூடவே ஒரு வால், தொலைதூரப் பகுதிகளில் ‘போலீஸ் வேலைக்கு’ மட்டும் விலக்கு! தொலைதூரம் என்றால் எது? ஈராக், அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லை. லண்டனில் விழுந்தால் குண்டுவீச்சு, பழங்குடிகளின் கிராமத்தில் விழுந்தால் போலீஸ் வேலை. அந்த அக்டோபரில் ஜெர்மனி மாநாட்டை விட்டே வெளியேறியது.

சரி, அந்த ‘அப்பாவி’ சமாதானக்காரர்கள் என்னதான் கேட்டார்கள்? 1934-35இல் பிரிட்டனில் சர்வதேச சங்க ஆதரவாளர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 5 லட்சம் தொண்டர்கள் படிவத்தோடு கதவு கதவாகத் தட்டினார்கள். 1 கோடியே 16 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். ஐந்தாவது கேள்விதான் முக்கியம்: ஒரு நாடு இன்னொன்றைத் தாக்கினால் மற்ற நாடுகள் சேர்ந்து தடுக்க வேண்டுமா? பொருளாதாரத் தடைக்கு ஒரு கோடிப் பேர் சரி என்றார்கள். தேவைப்பட்டால் ராணுவம் இறங்கலாம் என்று சுமார் 68 லட்சம் பேர் சொன்னார்கள். இதில் வேடிக்கை, பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் பீவர்புரூக்கின் பத்திரிகை இதை ‘ரத்த வாக்கெடுப்பு’ என்று திட்டியது. கோழைகள் என்று இன்று பழிக்கப்படுபவர்களுக்கு அன்று கிடைத்த பட்டம் சண்டைக்காரர்கள்!

தடை போட்டாலே எதிரி அடங்கிவிடுவான், துப்பாக்கியைத் தொடவே வேண்டாம் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். அது அசட்டு நம்பிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தடையையாவது அரசுகள் ஒழுங்காகப் போட்டனவா?

1935 அக்டோபரில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அபிசீனியாவுக்குள் (இன்றைய எத்தியோப்பியா) படையோடு நுழைந்தார். சங்கத்தைக் காப்போம் என்று பேசி பிரிட்டிஷ் பிரதமர் பால்ட்வின் நவம்பர் தேர்தலில் ஜெயித்தார். அடுத்த மாதமே அவருடைய வெளியுறவு அமைச்சர் ஹோர், பிரான்சின் பிரதமர் லவாலோடு சேர்ந்து அபிசீனியாவில் பெரும்பகுதியை இத்தாலிக்குத் தூக்கிக் கொடுக்கத் திட்டம் போட்டார். விஷயம் கசிந்து மக்கள் கொதித்ததும் ஹோர் பதவி விலகினார். ஆனால் இத்தாலிக்குப் போன எண்ணெய்க்குக் கடைசிவரை தடை வரவில்லை. பிரிட்டிஷ் படை காவல் நின்ற சூயஸ் கால்வாய் வழியாக, இத்தாலியின் கப்பல்கள் கட்டணம் செலுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன.