நாம தைக்கிறதே ஜட்டிதான் சார்

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸில் நடந்த கூத்து இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இதற்குள் வாட்ஸ்அப்பில் விசாரித்திருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பூரில் உள்ளாடை தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில், பையரின், அதாவது நம் சரக்கை வாங்குகிறவரின், வெப்சைட்டைத் திறந்தால் 'தடை' என்று சிவப்புத் திரை வருகிறது. காரணம்: 'உள்ளாடை, நீச்சலுடை'. கிண்டல் இல்லை, ஆபீஸ் நெட்டில் சைட்டுகளைத் தடுக்கிற சில ஃபயர்வால்களில் நிஜமாகவே அப்படி ஒரு வகை உண்டு, ஆபாசத் தளங்களுக்குப் பக்கத்து வரிசையில். அதைத் தடுக்கச் சொல்லி டிக் போட்ட புண்ணியவான், கீழே ஃபினிஷிங் செக்‌ஷனில் என்ன பேக் ஆகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

புதுக் கதையும் இல்லை இது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களை ஏஓஎல் என்ற இன்டர்நெட் கம்பெனி கணக்கே தொடங்க விடவில்லையாம். ஊர்ப் பெயருக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் குற்றம். அது மெஷின், அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டாமா?

பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் பூட்டுகிறோம் என்று அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பையர் லைனில் இருந்தார். "எங்கள் சைட்டில் இருக்கிற ஸ்டைலைப் பாருங்கள், எலாஸ்டிக் அதே அகலம் வேண்டும்" என்றார். மேஜைக்கு அடியில் என் மொபைலில், என் டேட்டாவில் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் சொன்னேன். போனை வைப்பதற்குள் எல்லோருக்கும் மெயில்: 'மெர்ச்-04இல் இருந்து ஆபாசத் தளத்தைத் திறக்க முயற்சி.' மெர்ச்-04 என்பது என் கம்ப்யூட்டர். பெயர் போடவில்லை, என்ன ஒரு நாகரிகம்! மெர்ச்-04இல் 12 வருஷமாக உட்கார்ந்திருப்பது யார் என்று டீ கொண்டுவருகிற பையனுக்குக்கூடத் தெரியும்.

"வைரஸ் வந்தால் யார் பொறுப்பு?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை, யாரோ கண்ட சைட்டுக்குப் போனதால் பரவவில்லை. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்டைப் போடாத கம்ப்யூட்டர்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. எங்கள் கட்டிங் செக்‌ஷனில் இன்னும் விண்டோஸ் 7தான் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதைப் பற்றி ஒரு மெயிலும் வரக் காணோம்.

"ஆபீஸ் நேரத்தில் ரீல்ஸ் பார்க்கிறார்களே?" பார்க்கிறவர்கள் போனில் பார்க்கிறார்கள். அடுத்து?

"முதலாளி கம்ப்யூட்டர், முதலாளி நெட்." ஆமாம், அவருடையதுதான். மானம் என்னுடையது.

கன்டெய்னர் கிளம்புகிற ராத்திரிகளில் 11 மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டுவது நான். சாவி இப்போதும் என் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கிறது. கொரோனா சமயத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பினார்கள். என் பையன் ஆன்லைன் கிளாஸுக்குக் கேட்டபோதுகூட, கம்பெனிப் பொருள் என்று தொடவிடவில்லை. சின்ன போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான்.

அந்த எனக்குத்தான் மெயில். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, "என்னங்க்கா, அந்த மாதிரி சைட்டுக்கெல்லாம் போறீங்களாமா?" என்று ஒரு பொடியன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

தடையை நீக்கக் கேட்பதற்கு ஒரு ஃபார்ம் இருக்கிறது. 'இந்தத் தளம் உங்களுக்கு ஏன் தேவை?' என்று அதில் ஒரு கட்டம். தலைப்பில் இருப்பதைத்தான் எழுதி அனுப்பினேன். மூன்று நாளாக 'பரிசீலனையில்' இருக்கிறது.