ஆழப்படுத்தக் காசு இருக்கிறது, தூர்வார இல்லையா?

ஒரு பனாமாக்ஸ் சரக்குக் கப்பல், அதாவது பனாமா கால்வாயின் பழைய மதகுகளுக்குள் நுழையும் அளவுள்ள கப்பல், தண்ணீரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ, அதில் ஏறத்தாழ 65 முதல் 70 டன் சரக்கு ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். துறைமுகத்துக்கு வரும் தடத்தில் 30 சென்டிமீட்டர் வண்டல் படிந்துவிட்டால், அந்தக் கப்பல் சுமார் 2,000 டன்னைக் குறைத்துக்கொண்டுதான் உள்ளே வர முடியும். லாரிக்கு 25 டன் என்று வைத்தால் 80 லாரிச் சரக்கு. கோதுமையோ உரமோ நிலக்கரியோ, அது வேறொரு கப்பலில்தான் வர வேண்டும். அந்தக் கூடுதல் வாடகையைக் கப்பல் கம்பெனி தன் தலையில் போட்டுக்கொள்ளாது. கடைசியில் அது பொருளின் விலையில் வந்து உட்காரும்.

இதைத் தெரிந்துகொண்டே தூர்வாரும் செலவை "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிற அரசுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புதிய சரக்குத் தளம் கட்டுவதற்கும் தடத்தை ஆழப்படுத்துவதற்கும் பணம் வந்துவிடுகிறது. அடிக்கல் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, படம் பிடிக்க ஏதாவது இருக்கிறது. அதே தடத்தை அடுத்த முப்பது வருஷம் அதே ஆழத்தில் வைத்திருக்கும் வேலைக்கு விழா எதுவும் கிடையாது. தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது என்பதால் பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

மண்ணோ யார் பட்ஜெட்டுக்காகவும் காத்திருப்பதில்லை. ஆறு கொண்டுவருகிறது, அலை கொண்டுவருகிறது, கரையோர நீரோட்டம் நகர்த்திக்கொண்டு வருகிறது. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்போன கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த மண் கரையையே முன்னே தள்ளிவிட்டது. பின்னால் தலையெடுத்த பழையகாயலுக்கும் அதே கதிதான். ஐரோப்பாவில் புரூஜ் நகரத்தின் கடல்வழி தூர்ந்துபோக, வணிகம் ஆன்ட்வெர்ப்புக்கு நகர்ந்தது. அப்போது மண்ணை வெல்ல வழி இல்லை. இப்போது கருவி இருக்கிறது, ஆனால் ஓயாமல் ஓட்ட வேண்டும்.

ஹாப்பர் டிரெட்ஜர் என்ற தூர்வாரும் கப்பல் வேலை செய்வதைப் பார்த்தால் அந்த ஓயாமை புரியும். கப்பலின் பக்கவாட்டிலிருந்து நீண்ட குழாய் கடல் தரைவரை இறங்கும். அதன் நுனியிலுள்ள இரும்புத் தலை தரையை உரசிக்கொண்டே போக, பம்பு மண்ணையும் நீரையும் கூழாக உறிஞ்சிக் கப்பலின் வயிற்றில் கொட்டும். மண் அடியில் தங்கும், கலங்கல் நீர் மேலே வழிந்து வெளியேறும். வயிறு நிறைந்ததும் கடலில் குறித்துக்கொடுத்த இடத்துக்குப் போய் அடிக்கதவுகளைத் திறப்பார்கள். அத்தனையும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். திரும்பி வந்து மறுபடியும் குழாயை இறக்குவார்கள். இரவு பகல் பார்க்காமல் இப்படியே ஓடும். இந்தக் கப்பலையும் ஆட்களையும் ஒரு வருஷம் கூப்பிட்டு, அடுத்த வருஷம் பணமில்லை என்று அனுப்பி, அதற்கடுத்த வருஷம் அவசரம் என்று அழைத்தால் செலவு கூடுமே தவிரக் குறையாது.

சரி, பணத்துக்கு எங்கே போவது? தனி வரி போட்டுத் தனி நிதியம் வைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1986இல் அங்கே துறைமுகப் பராமரிப்புக்கென்றே ஒரு வரி வந்தது. முதலில் சரக்கு மதிப்பில் 0.04 சதவீதம், பிறகு 1990இல் 0.125 சதவீதம். அதாவது 1,00,000 டாலர் சரக்குக்கு 125 டாலர். ஏற்றுமதிக்கு வரி போட அரசமைப்பு இடம் தரவில்லை என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் ஏற்றுமதி விலகிக்கொண்டது, பாரம் பெரும்பாலும் இறக்குமதி மேல் விழுந்தது. பணம் ஒழுங்காக வசூலானது. ஆனால் அதை எடுத்துச் செலவழிக்க ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டும், ஒதுக்கியதோ பல ஆண்டுகள் வசூலைவிடக் குறைவு. செலவழியாமல் கிடக்கும் தொகை, ஏட்டில் அரசின் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்ட உதவியது. 2020 வாக்கில் இப்படிச் சேர்ந்த இருப்பு 900 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டுகளில்தான் அந்நாட்டின் பல துறைமுகத் தடங்கள் சட்டப்படி இருக்க வேண்டிய ஆழமும் அகலமும் இல்லாமல் கிடந்தன. பராமரிப்புக்கு என்று சொல்லி வாங்கிய காசைப் பராமரிப்புக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது, எந்தப் பெயரில் செய்தாலும், வரி கட்டியவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதுதான். 2014இலும் 2020இலும் சட்டங்களைத் திருத்தித்தான் வசூலையும் செலவையும் நெருங்கச் செய்தார்கள்.

அங்கே இன்னொரு சண்டையும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் ஆழமானவை, அவ்வளவாகத் தூர்வதில்லை. அங்கே வரி நிறைய வசூலாகிறது, திரும்பக் கிடைப்பது குறைவு. அவர்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பொது நிதியம்தான் சரி என்பது என் கருத்து. எவ்வளவு வசூலோ அவ்வளவே அங்கே செலவு என்று வைத்தால், சின்னத் துறைமுகங்கள் ஒரே தலைமுறையில் மூடிப்போகும்.

சின்னத் துறைமுகங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. டன் கணக்கில் பார்த்தால் அவை எந்தப் பட்டியலிலும் மேலே வராது. ஆனால் முகத்துவாரத்தில் மண்மேடு சேர்ந்த ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்குள் படகு எப்படி நுழைகிறது என்று யோசியுங்கள். வாய்க்கு வெளியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வரும் அலைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள். பெரிய அலைகள் ஓய்ந்து ஓர் இடைவெளி கிடைத்ததும் முழு வேகத்தில் உள்ளே பாய வேண்டும். மேட்டின் மேல் அலை செங்குத்தாக எழும். அந்த நேரத்தில் படகு சற்றே குறுக்கே திரும்பினாலும் கவிழ்ந்துவிடும். கேரளத்தின் முதலப்பொழியில் இப்படிப் பல மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அங்கே மண் வாயையே அடைத்துக்கொண்டது. இந்த இடங்களில் தூர்வாருவதற்கு வருமானக் கணக்கு கேட்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்குக் குறைவாகக் கையாளும் துறைமுகங்களுக்குக் குறைந்தது 10 சதவீதம் என்று அமெரிக்கா 2014இல் சட்டத்திலேயே எழுதியது. இப்படி ஒரு பங்கு எல்லா நாட்டிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதற்காக எல்லாத் தடத்தையும் என்ன விலை கொடுத்தாவது காப்பாற்று என்று சொல்லவில்லை. கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது கொல்கத்தா துறைமுகம். வண்டலைக் கழுவிவிட 1975இலிருந்து ஃபரக்கா தடுப்பணையில் கங்கை நீரைத் திருப்பிவிடுகிறார்கள். அப்படியும் தூர்வாருவது நிற்கவில்லை, மத்திய அரசு மானியமும் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய கப்பல்கள் வேறு இடத்தில் பாரத்தைக் குறைத்துக்கொண்டுதான், கடலுக்கு அருகே உள்ள இதே துறைமுகத்தின் ஹால்தியா தளத்துக்கு வருகின்றன. இப்படிப்பட்ட தடத்தில் எந்த ஆழம் வரை காப்பது, எந்த அளவுக் கப்பலைக் கடலோரத் துறைமுகத்துக்கு விட்டுவிடுவது என்று வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஒப்பந்தம் போடும் விதமும் மாற வேண்டும். அள்ளிய கன மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அள்ளியதாகக் காட்டும் கணக்குதான் பெருகும். 1870களில் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை ஆழமாக்கும் வேலையை ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எடுத்தபோது, குறித்த ஆழம் வந்த பிறகே பணம் என்று அரசு ஒப்பந்தம் போட்டது. இரண்டு பக்கமும் தடுப்புகள் கட்டி, நீரோட்டத்தை நெருக்கி, ஆற்றைக்கொண்டே மண்ணை அரிக்கவைத்தார். 1879இல் 30 அடி ஆழம் கிடைத்தது. கப்பல்காரருக்கு வேண்டியது ஆழம். அரசும் ஆழத்துக்கே பணம் கொடுக்கட்டும்.

அள்ளிய மண்ணையும் குப்பையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் தடுப்புச் சுவர்களை நீட்டியதால் வடக்கே கடற்கரைகள் மணலின்றி அரித்துப்போயின. 2001இலிருந்து அங்கே தேங்கும் மணலைக் குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி வடக்கே அனுப்புகிறார்கள். இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து செலவைப் பகிர்கின்றன. ஆலைக்கழிவு படிந்த சேற்றை மட்டும் இப்படிப் பயன்படுத்த முடியாது, அதைச் சோதித்துத் தனியே பாதுகாக்க வேண்டும். அந்தச் செலவையும் பராமரிப்புக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிறதா என்று நாம் தெரிந்துகொள்ள ஆழ அளவீடுகள் பொதுவில் வர வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தன் பொறுப்பிலுள்ள தடங்களின் சர்வே வரைபடங்களை இணையத்தில் போடுகிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். இதை எல்லா அரசும் செய்யலாம், பெரிய செலவும் இல்லை. தூர்வாரும் முன் எடுத்த ஆழம், வாரிய பின் எடுத்த ஆழம், கொடுத்த தொகை, இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வெளியிடட்டும். அப்புறம் கேள்வி கேட்க நிபுணர் வேண்டாம், அந்த வாய் வழியாக தினமும் போய்வரும் படகோட்டியே கேட்டுவிடுவார்.